வீரலட்சுமியின் வகிடு

எதிரே வரும் பெண்களின் முகத்தை வீரலட்சுமி இரண்டாவதாகத்தான் பார்க்கிறாள். முதலில் வகிடு. நெற்றியில் தொடங்கி உச்சிக்குப் போகும் அந்தக் கோடு நூலாக இருக்கிறதா, நாடாவாக அகன்றிருக்கிறதா என்று கண்டுகொண்ட பிறகே வருவது யார் என்பது அவளுக்குப் புலப்படும். தன் ஊர் சிலமலையிலிருந்து வரும் பஸ்ஸை விட்டு இறங்கி, போடி கடைவீதி வழியாக ஏலக்காய் ஸ்டோருக்கு நடந்து சேர்வதற்குள் ஒரு திருவிழாக் கூட்டத்தின் தலைகளைப் பார்த்து முடித்துவிடுவாள். சிலரைத் தாண்டிப் போனபின் திரும்பி நின்று சடையையும் பார்ப்பாள். “வேர்ல கனம் இருக்கு. நுனி வெடிச்சிருச்சு. ரெண்டாம் ரகம்” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். முதல் ரகம் கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவளுக்கு டீ கசக்கும்.

ரகம் பிரிப்பது அவள் தொழில். மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் மூட்டைகளை ஸ்டோரில் கொட்டிவிடுவார்கள். பெண்கள் சாக்கை விரித்து வரிசையாக உட்கார்ந்து, சொளகில் காயைப் பரப்பி, வாய் பிளந்தது, வெளுத்தது, பூச்சி தொட்டது என்று விரலால் ஒதுக்குவார்கள். தூசி பறக்கும் என்பதால் மின்விசிறி ஓடாது. சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அவர்களோடு சேர்ந்து ஏலக்காய் வாசமும் ஏறும். மற்றவர்கள் விட்ட பூச்சிக்காய் வீரலட்சுமியின் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்தான் அவளுக்கு வினையாயிற்று. போன ஐப்பசியில் டெங்கு வந்து படுத்து எழுந்தாள். பொங்கலுக்குள் தலையணை, சீப்பு, குளியலறை ஓட்டை எல்லாவற்றிலும் அவள் முடிதான் கிடந்தது. வேறொருத்தியாக இருந்தால் பாதியைக் கவனித்திருக்கமாட்டாள். இவள் ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

நாற்பத்தைந்து வயதுக்கு அவள் நல்ல திடம். முகம் களையானது. ஆனால் உச்சியில் வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அகன்று, வெயிலில் நின்றால் தோல் மினுங்கத் தொடங்கியபின் அவள் நடமாட்டமே மாறிப்போனது. டியூப் லைட்டுக்கு நேர்க்கீழே உட்காரமாட்டாள். கல்யாண வீட்டில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் “சின்னப் பிள்ளைக முன்னாடி நிக்கட்டும்” என்று பின்வரிசைக்குப் போய்விடுவாள். பூ வைப்பதை நிறுத்திவிட்டாள். கொண்டை ஊசி நிற்காது என்பது காரணம். “மல்லிப்பூ வாட தலவலிக்குது” என்பது வெளியே சொல்வது.

கணவன் சின்ராசுவிடம் ஒரு நாள் தலையைக் குனிந்து காட்டினாள். அவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, “வயசாகுதுல்ல. எனக்குந்தேன் போச்சு. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்?” என்றார். அதோடு அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சின்ன வெங்காயச் சாறு பூசிப் பார்த்தாள். கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சிப் பார்த்தாள். தேனியில் தோல் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, இரும்புச்சத்து குறைவு என்று மாத்திரை கொடுத்தார். காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவது வழக்கம்தான், பொறுமையாக இருந்தால் வளரும் என்றும் சொன்னார். எல்லாம் அவளுக்கு விளங்கியது. பொறுமை என்ற ஒரு வார்த்தைதான் ஒட்டவில்லை. ஏனென்றால் ஸ்டோரில் அவளுக்கு நேர் முன்னால், முதுகு காட்டி உட்காருகிறவள் பேச்சி.

பேச்சிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சிலமலையில் பக்கத்துத் தெரு. அவளுடைய சடை இடுப்பைத் தாண்டித் தொங்கும். உட்கார்ந்தால் நுனி சாக்கில் சுருண்டு கிடக்கும். சில நாள் வீரலட்சுமியின் சொளகு விளிம்பிலேயே வந்து படுத்துக்கொள்ளும். “யக்கா, ஒன் வாலை எடு” என்று அவள் சிரித்தபடி சொல்வாள். பேச்சியும் சிரித்துக்கொண்டே அதை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாள். அந்தத் தலைக்கு அவள் செய்யும் பணிவிடை ஒன்றும் இல்லை. கைக்கு அகப்பட்ட சோப்பைப் போட்டுக் குளிப்பாள். ஞாபகம் வந்தால் எண்ணெய். “இதுக்கு என்னா வைக்கிற?” என்று யாராவது கேட்டால், “எங்கத்தா நேரம், சோறு ஆக்கவே நேரமில்ல” என்பாள். அந்தப் பதில்தான் வீரலட்சுமியை அறுத்தது. பாடுபட்டு வளர்த்த முடியாக இருந்தால்கூட மன்னித்துவிட்டிருப்பாள்.

டெங்குவில் கிடந்தபோது காலையும் மாலையும் கஞ்சியும் நிலவேம்புக் கசாயமும் கொண்டுவந்து வாயில் ஊற்றியவளும் இந்தப் பேச்சிதான். ஸ்டோரில் இவளுடைய இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடாமல் பார்த்துக்கொண்டவளும் அவளே. வீரலட்சுமிக்கு இதெல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருப்பதால் வயிற்றெரிச்சல் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

சீனாக்காரரைப் பற்றி பஸ்ஸில்தான் கேள்விப்பட்டாள். அவர் சீனாக்காரர் இல்லை. ராசிங்காபுரத்து லிங்கேஸ்வரன். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு சீன மருந்துக்கடையில் வேர் நறுக்கும் வேலைக்குப் போய், அங்கேயே அந்த வைத்தியத்தையும் படித்துக்கொண்டு, அப்பா இறந்தபின் ஊர் திரும்பியவர். போடியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் அறை. ‘சீன மரபு மருத்துவம், அக்குபங்சர்’ என்று சிறிய போர்டு. மூட்டு வலிக்காரர்கள்தான் அதிகம். யாராவது டாக்டர் என்று அழைத்தால் “டாக்டர் இல்லண்ணே, வைத்தியம் படிச்சவன்” என்று திருத்துவார்.

முதல் நாள் வீரலட்சுமி தலையைக் காட்டத் தயாராகப் போனாள். அவர் தலையைப் பார்க்கவே இல்லை. இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். தூக்கம், மாதவிலக்கு, பசி, கனவு என்று கேட்டுக்கொண்டே போனார்.

“தம்பி, எனக்கு முடிதேன் கொட்டுது” என்று அவள் ஞாபகப்படுத்தினாள்.

“தெரியுதுக்கா. சீனாக்காரங்க கணக்குல முடிங்கிறது ரத்தத்தோட மிச்சம். ஒடம்புக்குச் செலவானது போக மிஞ்சுனாத்தேன் தலைக்குப் போகும். காய்ச்சல்ல ஒங்களுக்கு மிஞ்சல.”

மிச்சம். அந்தச் சொல் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் பேச்சிக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்றுதான் உடனே நினைத்தாள்.

“கோவத்த உள்ள வச்சுக்கிருவீகளோ?” என்றார் லிங்கேஸ்வரன், விரலை எடுக்காமலே. “ஈரல் நாடி கம்பி மாதிரி இழுத்துக் கெடக்கு. யார் மேலயாச்சும் வருத்தமா?”

“எனக்கு யார் மேல கோவம்? நான் உண்டு, என் சோலி உண்டுன்னு இருக்கவ.”

அவர் மணிக்கட்டை விட்டார். பிறகுதான் தலைக்கு வந்தார். சின்னச் சுத்தியல் மாதிரி ஒன்று. அதன் முனையில் ஏழு ஊசிகள். உச்சியில் மழைத்தூறல் விழுவதுபோலத் தட்டிக்கொண்டே போனார். தோல் சிவந்ததும் இஞ்சியை நறுக்கித் தேய்த்தார். எரிந்தது. முழங்காலுக்குக் கீழும் கணுக்கால் ஓரத்திலும் ஊசி வைத்து, மாசிபத்திரி இலையை உலர்த்திச் சுருட்டிய சுருட்டு ஒன்றைக் கொளுத்தி, சூடு படும்படி பக்கத்தில் காட்டினார். கறுப்பு எள்ளும் அக்ரூட் பருப்பும் தின்னச் சொன்னார். தேனி மாத்திரையை விட வேண்டாம் என்றார். முடிக்கென்றே சீனாவில் ஒரு கறுப்பு வேர் உண்டாமே, யூட்யூபில் பார்த்தேன் என்று அவள் கேட்டதற்கு, “அது சில பேரு ஈரலுக்கு ஆகாது. அத நான் குடுக்கிறதில்ல” என்று முடித்துக்கொண்டார்.

வாரம் ஒருமுறை வேலை முடிந்ததும் மாடி ஏறினாள். பேச்சி கேட்கத்தான் செய்தாள்.

“எங்கடி தனியா நழுவுற?”

“முட்டி வலிக்கா. ஊசி போடுறாக.”

“நானும் வரவா? எனக்கும் முதுகு பிடிச்சுக்கிட்டுத்தேன் கெடக்கு.”

“ஒனக்கெல்லாம் ஒத்துக்காது” என்றாள் வீரலட்சுமி, கொஞ்சம் வெடுக்கென்று. பேச்சி அந்தப் படியில் கால் வைத்தால் அங்கேயும் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று அவளுக்கு இருந்தது.

அந்த மாதத்தில்தான் காயில் முடி அகப்பட்டது. ஏல விற்பனைக்குப் போக வேண்டிய சுத்தமான குவியலில் கை விட்ட சூப்பர்வைசர் ராஜாராம், ஒரு முடியை இழுத்தெடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். “இது யாருதுத்தா? சாம்பிள்ல போயிருந்தா என்னாகும்?” எல்லாக் கண்ணும் பேச்சியின் முதுகுக்குப் போயிற்று. வீரலட்சுமி மட்டும் முடியைப் பார்த்தாள். குட்டையானது, சோகை பிடித்தது, வேர்முனையில் வெள்ளைப் புள்ளி. அவளுடையது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. குனிந்து காயை ஒதுக்கத் தொடங்கினாள்.

“என்னுதாத்தேன் இருக்கும். நாளையிலருந்து துண்டக் கட்டிக்கிர்றேன்” என்றாள் பேச்சி, கையைக்கூட நிறுத்தாமல். அவளுக்கு அது ஒரு முடி. பழி என்றே தெரியவில்லை. காப்பாற்றப்பட்டவளுக்குத்தான் முகம் எரிந்தது, நன்றியால் அல்ல.

பங்குனியில் பேச்சிக்கு ஒரு கஷ்டம் வந்தது. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்பிரியா ஏழாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். முன்பு ஒருமுறை கரு தங்காமல் போனவள். பேச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் சொளகைக் கையில் வைத்துக்கொண்டு காயைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“வேண்டிக்கிட்டேன்டி லச்சுமி. தாயும் பிள்ளயும் தனித்தனியா வந்துட்டா வீரபாண்டி ஆத்தாளுக்கு எம்முடியக் குடுத்துர்றேன்னு.”

வீரலட்சுமியின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அந்தப் பெண்ணின் வீங்கிய கால், போன முறை பட்ட பாடு, பேச்சியின் முகம் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு, அந்தச் சடை போகப்போகிறது என்ற எண்ணம் வந்து நின்றுவிட்டது. அடுத்த நொடியே தன்னை நினைத்து அவளுக்குக் கூசியது. “ஒண்ணும் ஆகாதுக்கா. ஆத்தா பாத்துக்கிருவா” என்று பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சொளகை வாங்கி, அவள் பங்குக் காயையும் தானே ஒதுக்கினாள். தன்மேல் உள்ள பாசத்தில் செய்கிறாள் என்று பேச்சி நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிந்திய வாரங்களில் அனுப்பிரியாவுக்காக வீரலட்சுமி அளவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் சிலமலையில் இல்லை. வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தாள். பேச்சியைத் தினம் போனில் விசாரிக்கச் சொன்னாள். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று விளக்கு முன்னால் நிற்பாள். நின்ற இடத்திலேயே, எதற்காக இப்படி உருகுகிறோம் என்று தன்னையே கேட்பாள். பதில் தெரிந்ததும் கண்ணைத் திறந்துகொள்வாள். ஊர் அவளை மெச்சியது. “கூடப் பெறந்தவ இருந்தாக்கூட இப்பிடிச் செய்யமாட்டா” என்று பேச்சியே நாலு பேரிடம் சொன்னாள்.

பெண் குழந்தை பிறந்தது. நாள் முந்திப் பிறந்ததால் கொஞ்ச காலம் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து கொடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தேறி ஊர் வந்ததும் வீரபாண்டிக் கோயிலுக்கு நாள் குறித்தார்கள். “நீ வராம எப்பிடி?” என்றாள் பேச்சி. கூப்பிடாவிட்டாலும் போயிருப்பாள்.

ஆற்றங்கரையில் முடி இறக்குகிறவர் பேச்சியின் சடையை அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் முடிச்சாகப் போட்டார். அவிழ்ந்தபோது அது மணையைத் தாண்டித் தரையில் விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் ‘அய்யோ’ என்றார்கள். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. முதல் முடிச்சு மடியில் விழுந்தது, பிறகு இரண்டாவது. கைக்குழந்தையுடன் அனுப்பிரியா அழுதாள். மாற்றுச் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற வீரலட்சுமி கண்ணை எடுக்காமல் பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்தது இதோ நடக்கிறது. இப்போது எரிச்சல் இறங்கும், இப்போது இறங்கும் என்று தன் நெஞ்சைக் கவனித்தாள்.

பேச்சி ஆற்றில் மூன்று முழுக்குப் போட்டு எழுந்தாள். வெளுத்த மண்டையில் தண்ணீர் வழிந்தது. பேரப்பிள்ளை அவளைப் பார்த்து வீறிட, அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“தலையில நேராத் தண்ணி விழுந்து எத்தன வருசமாச்சு லச்சுமி. லேசா இருக்குடி. இந்தப் பாரத்தயா சொமந்துக்கிட்டுத் திரிஞ்சேன்.”

கீழே மணையருகில் கிடந்த முடியை ஒருவர் வாரிக் கொண்டுபோனார். பேச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதிர்ந்த ஒவ்வொரு முடிக்கும் உள்ளுக்குள் அழுதவள் கரையில் நின்றாள். மொத்தத்தையும் கொடுத்தவள் சந்தனம் பூசிக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே தலை நிமிர்ந்து நடந்தாள். வீரலட்சுமிக்கு முன்பைவிட நன்றாகவே எரிந்தது.

அந்த வாரம் மாடி ஏறியபோது லிங்கேஸ்வரன் அவள் உச்சியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பூனை ரோமம்போல வகிட்டின் இரு கரையிலும் புதுமுடி எட்டிப் பார்த்தது. “ஊசியோ, மாத்திரையோ, இல்ல தானாவேயோ. எதுவா இருந்தாலும் முளைக்குதுக்கா” என்றார். கண்ணாடியைக் கொடுத்தார். அவள் வாங்கினாள், பார்க்காமல் மடியில் கவிழ்த்துவைத்தாள்.

“தம்பி, மொத நாளு ஒண்ணு கேட்டீகள்ல. யார் மேல கோவம்னு.”

“ஆமா.”

“கோவமில்ல தம்பி. பொறாம.”

அவர் சிரிக்கவில்லை. “சீனாக்காரங்க ரெண்டையும் ஒரே எடத்துலதேன் வைக்கிறாங்க. ஈரல்ல.”

“அதுக்கு ஊசி இருக்கா?”

“கால் பெருவெரலுக்கும் அடுத்த வெரலுக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு. பொறாமைக்குன்னு சொல்லமாட்டேன். ஈரல் இறுக்கத்துக்கு வைப்போம். வலிக்கும்.”

“வைங்க” என்று காலை நீட்டினாள். வலிக்கத்தான் செய்தது. பாதம் முழுக்கக் கனத்து, முழங்கால்வரை ஏதோ ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். யாரென்று அவர் கேட்கவில்லை. அவளாகவே, “அவ நல்லவ தம்பி. அதேன் தாங்க முடியல” என்று கூரையைப் பார்த்துச் சொன்னாள்.

கொஞ்ச நாள் அந்த எரிச்சல் சும்மா இருந்தது. முன்னால் சடை இல்லாத முதுகு. சொளகு விளிம்பில் எதுவும் வந்து படுக்கவில்லை. வீரலட்சுமி பேச்சியிடம் உண்மையையும் சொல்லிவிட்டாள், முட்டி வலி இல்லை, முடிக்குத்தான் போகிறேன் என்று. பேச்சிக்குக் கோபம் வரவில்லை. “இத ஏன்டி மறைச்ச? இப்பிடித் திரும்பு” என்று அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்து, எல்லார் முன்னாலும் வகிட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். “முளைக்குதுடி. நெசமாவே முளைக்குது. ஏ இங்க வந்து பாருங்களேன்” என்று அறை முழுக்கக் கூப்பிட்டாள். நல்ல செய்தி கேட்ட குரல். வீரலட்சுமி அந்தக் குரலில் ஒரு துளி கசப்பு இருக்கிறதா என்று தேடினாள். பூச்சிக்காய் தேடுகிற அதே கவனத்தோடு தேடினாள். இல்லை.

ஆடிக் காற்று தொடங்கிய ஒரு சாயங்காலம் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். போடிமெட்டுப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈரம் இருந்தது. பேச்சி மண்டையைத் தடவிக்கொண்டு, “கூதலடிக்குதுடி. முடியில்லாதது இப்பத்தேன் தெரியுது. இந்தா, தொட்டுப் பாரு, முள்ளு மாதிரி குத்துது” என்று தலையை நீட்டினாள்.

வீரலட்சுமி உள்ளங்கையை வைத்தாள். நெற்றியிலிருந்து பிடரிவரை கறுகறுவென்று, ஒரு மயிர்க்கால் விடாமல், நாற்றங்கால் மாதிரி சமமாக முளைத்திருந்தது. கை மெதுவாக ஒரு சுற்று சுற்றி வந்தது. இடைவெளி எங்குமே தட்டுப்படவில்லை.

“எப்பிடி இருக்கு?” என்றாள் பேச்சி, குனிந்தபடியே.

வீரலட்சுமி கையை எடுத்தாள். பேச்சியின் முந்தானையைப் பிடித்து இழுத்து, அந்தத் தலையைப் புருவம்வரைக்கும் மூடி, காது இரண்டையும் உள்ளே ஒதுக்கி, காற்றில் விலகிவிடாதபடி கழுத்தடியில் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் வந்து நிற்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.